தொட்டுச் செலுத்தும் வசதி: கார்டு மெஷின் யார் பக்கம் இருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்னணுப் பணப் பரிமாற்றம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவரும் செய்திகள் பெரும்பாலும் யுபிஐ பற்றியும், க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் அனுப்புவதில் நடக்கும் மோசடிகள் பற்றியுமே அமைகின்றன. கைப்பேசியில் வங்கி அட்டையைப் பதிந்துவைத்து, அந்தக் கைப்பேசியைக் கடையின் கார்டு மெஷினுக்கு அருகில் காட்டிப் பணம் செலுத்தும் முறை பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. அந்த வசதியைக் கடந்த சில மாதங்களாகத் திருச்சியில் வெவ்வேறு கடைகளில் பயன்படுத்திப் பார்த்து வருகிறேன். தொழில்நுட்பத்தில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. பணம் கொடுப்பவரின் கை எட்டாத இடத்தில் மெஷினை வைத்திருக்கிறார்கள் என்பதே என் குறை. சிறிய விஷயமாகத் தோன்றும் இந்த ஒன்றினால் மற்ற எல்லாம் எப்படிக் கெடுகிறது என்பதைத் தங்கள் வாசகர்கள் முன்னும், மெஷின்களை நிறுவும் வங்கிகள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

முறையை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஸ்கேன் செய்யும்போது தொகையை நாமே அடித்து, யுபிஐ ரகசிய எண்ணைப் போட்டு, கல்லா மேலிருக்கும் சவுண்ட் பாக்ஸ் தொகையை உரக்கச் சொல்லும்வரை கடைக்காரரும் நாமும் சேர்ந்து காத்திருக்கிறோம். தொட்டுச் செலுத்தும்போது தொகையைக் கடைக்காரர் மெஷினில் அடிக்கிறார்; நாம் கைப்பேசியின் பூட்டைத் திறந்து அருகில் கொண்டுசென்றால் போதும். ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் தூரத்துக்குள் மெஷினும் கைப்பேசியும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தகவலைப் பரிமாறிக்கொள்கின்றன. அட்டையின் உண்மையான எண் இதில் கடைக்குப் போவதே இல்லை. அட்டையைப் பதியும்போது அந்தக் கைப்பேசிக்கென்றே டோக்கன் எனப்படும் மாற்று எண் ஒன்று வழங்கப்படுகிறது. அந்த எண்ணும், அந்த ஒரு தடவைக்கு மட்டுமே செல்லக்கூடிய சங்கேதக் குறியும்தான் கடையைச் சென்றடைகின்றன. அட்டைகளுக்கு இத்தகைய மாற்று எண் வழங்க ரிசர்வ் வங்கி 2019 ஜனவரியில் அனுமதி அளித்தது. கடையின் கணினியிலிருந்து எவரேனும் தகவலைத் திருடினாலும், அதை வைத்து வேறோர் இடத்தில் பொருள் வாங்க முடியாது.

கைப்பேசியால் பணம் செலுத்த சாம்சங் நிறுவனம் உருவாக்கிய சாம்சங் பே செயலி 2017 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது நம் கடைகளில் பெரும்பாலும் அட்டையைத் தேய்க்கும் அல்லது செருகும் மெஷின்கள்தாம் இருந்தன. அவற்றில் தொடு வசதி இல்லாததால், காந்தப் பட்டை தேய்க்கப்படுவது போன்ற காந்தப் புலத்தைக் கைப்பேசியே உண்டாக்கும் ஓர் உத்தியை அந்நிறுவனம் தன் கைப்பேசிகள் சிலவற்றில் வைத்திருந்தது. பின்னர் வந்த கைப்பேசிகளில் அந்த உத்தி கைவிடப்பட்டது. இப்போது நான் போகும் கடைகளில் உள்ள மெஷின்களில் பெரும்பாலானவற்றில் நான்கு வளைகோடுகள் கொண்ட தொடு குறியைக் காண்கிறேன். மெஷின்கள் தயாராகிவிட்டன; அவை வைக்கப்பட்டிருக்கும் மேசைகள்தாம் இன்னும் அட்டையைக் கையில் வாங்கித் தேய்த்த காலத்திலேயே இருக்கின்றன.

தில்லைநகரில் நான் வழக்கமாகப் போகும் பல்பொருள் அங்காடியில் மெஷின் கணினித் திரைக்குப் பின்னால், பில் அச்சிடும் கருவியை ஒட்டி இருக்கிறது. சார்ஜர் வயர் முழம்கூட இல்லை. "போன்ல டேப் பண்ணலாமா?" என்று கேட்டால் மறுப்பதில்லை, கையை நீட்டி, "போனைக் குடுங்க சார், நான் வச்சுக் காட்டுறேன்" என்கிறார்கள். மரியாதையாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அட்டையைக் கையில் கொடுப்பதும், பூட்டுத் திறந்த கைப்பேசியைக் கொடுப்பதும் ஒன்றல்ல. வங்கிச் செயலி, ஆதார் அட்டையின் படம், குடும்பத்தினரின் புகைப்படங்கள், ஒருமுறைக் கடவு எண் வரும் குறுஞ்செய்திப் பெட்டி என எல்லாமே அந்தத் திறந்த கைப்பேசியில் இருக்கின்றன. நான் தயங்கினால், வரிசையில் பின்னால் நிற்பவர் பொறுமை இழக்கிறார். துணிந்து கொடுத்தாலும், விற்பனையாளர் அதை வாங்கிப் பில்லைச் சரிபார்த்துவிட்டு மெஷின் அருகே கொண்டுபோவதற்குள் திரை மறுபடி பூட்டிக்கொள்கிறது. கைப்பேசி என்னிடம் திரும்ப வருகிறது, என் விரலைக் கேட்கிறது, மீண்டும் போகிறது. இடையில் கை மாறாமல் இருந்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும் வேலை இது.

எந்த இடத்தைத் தொட வேண்டும் என்பதும் இதே சிக்கலின் தொடர்ச்சிதான். சில மெஷின்களில் தொடு குறி திரையின் மேலேயே வருகிறது. சிலவற்றில் காகிதச் சுருள் இருக்கும் மேல்முனையில் இருக்கிறது. சிலவற்றில் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கிறது. கைப்பேசியிலும் அலையை வாங்கும் சுருள் ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வோர் இடத்தில் உள்ளது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் அது பின்புறம், கேமராவுக்குக் கீழே இருக்கிறது. தன் கைப்பேசியில் அது எங்கே இருக்கிறது என்பதை அதன் உரிமையாளர் சில நாட்களில் பழகிக்கொள்வார். நாள் முழுவதும் பலவகைக் கைப்பேசிகளைக் காணும் விற்பனையாளரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர் அடிமுனையை வைத்துத் தட்டுவார்; ஒன்றும் நடக்காது; "உங்க போன்ல எடுக்கல சார்" என்று தீர்ப்பும் வந்துவிடும்.

நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலையில் உள்ள ஒரு பெரிய துணிக்கடையில் நிலைமை இன்னும் கடினம். பணம் கட்டும் இடத்தில் மேசைக்கு மேல் கண்ணாடித் தடுப்பு எழுப்பி, அதில் அரைவட்டமாக ஒரு துவாரம் விட்டிருக்கிறார்கள். பணத்தாளும் அட்டையும் தாராளமாக நுழையும். மெஷின் நுழையாது, உள்ளே கைவிட்டுக் கைப்பேசியை வைக்கலாம் என்றால் அது மறுகோடியில் இருக்கிறது. பண்டிகைக்குத் துணி எடுத்தால் தொகை 5,000 ரூபாயைத் தாண்டுவது இயல்பு. ரகசிய எண் இல்லாமல் தொட்டுச் செலுத்தக்கூடிய வரம்பு 2015-இல் 2,000 ரூபாயாக இருந்து, 2021 ஜனவரி 1 முதல் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேல் போனால் மெஷினில் ரகசிய எண்ணை அழுத்தியாக வேண்டும். மெஷின் அந்தப் பக்கம் இருந்தால் எண்ணை அழுத்துவது யார்? "பின் நம்பர் சொல்லுங்க" என்று உள்ளிருந்து கேட்கிறார்கள். கூட்டம் நெரியும் கடையில் கண்ணாடிக்கு அப்பால் இருப்பவருக்குக் கேட்கும்படி, நான்கு இலக்கங்களையும் உரக்கச் சொல்கிறார்கள் வாடிக்கையாளர்கள். இது துணிக்கடையில் மட்டும் நடப்பதில்லை. தமிழ்நாட்டில் கடைக்குப் போகும் எவரும் இதைக் கேட்டிருப்பார்கள். டெபிட் அட்டைக்குக் கடைகளில் ரகசிய எண் கட்டாயம் என்ற விதி 2013 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அட்டை திருடு போனாலும் பணம் போகக் கூடாது என்பதற்காகக் கொண்டுவரப்பட்ட அந்தப் பாதுகாப்பை, மேசையின் அமைப்பு ஒன்றே வீணாக்கிவிடுகிறது. தொடு வசதிக்காக மெஷினை வாடிக்கையாளர் பக்கம் திருப்பினால், தொடு வசதியைப் பயன்படுத்தாதவரின் ரகசிய எண்ணும் காப்பாற்றப்படும் என்பதை வணிகர் சங்கங்கள் கவனிக்க வேண்டும்.

திரை நம் பக்கம் இல்லாததால் வரும் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு மருந்துக்கடையில் பணம் என் கணக்கிலிருந்து கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. மெஷினில் பில் வரவில்லை. திரையில் என்ன வந்தது என்பது எனக்குத் தெரியாது. பணியாளர் அதைப் பார்த்து, அடுத்த பொத்தானை அழுத்தி அழித்தும்விட்டார். மறுபடி செலுத்தச் சொன்னார்; மருந்து உடனே வேண்டியிருந்ததால் ரொக்கமாகக் கொடுத்தேன். முதலில் கழிந்த தொகை சில நாட்களில் தானாகவே திரும்பி வந்தது. இத்தகைய நிலையில் கழிந்த பணத்தை ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகத் திருப்பித் தர வேண்டும் என்றும், தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் ஈடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்திருக்கிறது. ஆகவே பணம் தொலைந்துவிடும் என்ற அச்சம் தேவையில்லை. என்றாலும், பணம் கொடுப்பவர் தன் பரிவர்த்தனை என்ன ஆனது என்பதைக் குறுஞ்செய்தியிலிருந்து ஊகிக்க வேண்டிய நிலை ஏன் இருக்க வேண்டும்? தொகை சரியாக அடிக்கப்பட்டிருக்கிறதா என்று தொடுவதற்கு முன் பார்க்கவும் திரை நம் பக்கம் இருந்தாக வேண்டும். 450 ரூபாய்க்குப் பதில் 4,500 என்று அடித்துவிட்டாலும், வரம்புக்குள் இருப்பதால் ரகசிய எண்ணைக் கேட்காமலேயே அது போய்விடக்கூடும்.

எல்லா இடமும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். சத்திரம் பேருந்து நிலையம் அருகே உள்ள ஒரு சைவ உணவகத்தில் கல்லா வாசலை ஒட்டி இருக்கிறது. சோம்பும் கல்கண்டும் வைத்த தட்டுக்குப் பக்கத்தில், மெஷின் வாடிக்கையாளரைப் பார்த்தபடி நிற்கிறது. பில்லை நீட்டினால் தொகையை அடிக்கிறார்கள். நாமே பார்த்து, நாமே தொட்டு, சோம்பை அள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அங்கே இருப்பதும் மற்ற கடைகளில் உள்ள அதே வகை மெஷின்தான். கல்லாவில் இருக்கும் பெரியவருக்குத் தொடு வசதி பற்றித் தனிப்பயிற்சி ஏதும் கிடைத்ததாகத் தெரியவில்லை. அவர் கைப்பேசியைக் கேட்பதும் இல்லை, கேட்கத் தேவையும் இல்லை. சென்னையில் மெட்ரோ ரயில் வாயில்களில் சிங்காரச் சென்னை என்னும் பயண அட்டையைக் காட்டும் பயணியிடம் "கொடுங்கள், நான் வைக்கிறேன்" என்று எவரும் சொல்வதில்லை. கருவி பயணியின் கைப்பக்கத்திலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. லண்டன் பேருந்துகளில் 2012 டிசம்பரிலும், அங்குள்ள சுரங்க ரயில்களில் 2014 செப்டம்பரிலும் வங்கி அட்டையைத் தொட்டுப் பயணிக்கும் முறை வந்தபோதும் அமைப்பு இதுதான். தொடு வசதியுள்ள மெஷினை வாங்கி அதைக் கல்லாவுக்குப் பின்னால் ஒளித்துவைப்பது, பந்தியில் இலையை எட்டாத தூரத்தில் போட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்வது போலத்தான்.

பெட்ரோல் பங்குகள் தனி ரகம். அங்கே மெஷின் நம்மைத் தேடி வண்டிக்கே வருகிறது. என் குறைக்கு அங்கே இடமே இருந்திருக்கக் கூடாது. ஆனால் பம்பின் மேல் "செல்போன் பயன்படுத்தக் கூடாது" என்ற எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. அதே பம்பில் அதற்குச் சற்றுக் கீழே, ஸ்கேன் செய்து பணம் செலுத்த க்யூஆர் குறியீடும் தொங்குகிறது. நான் கைப்பேசியை எடுத்தபோது ஒரு பங்கில் பணியாளர் அனுமதித்தார். வேறொன்றில் எச்சரிக்கையைச் சுட்டிக்காட்டி, அலுவலக அறைக்குப் போகச் சொன்னார். இருவரையும் குறைகூற முடியாது. எரிபொருள் நிரப்பும் இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நின்று கைப்பேசியை எடுக்கலாம் என்பதை எண்ணெய் நிறுவனங்கள் தெளிவாக முடிவுசெய்து, தரையில் ஒரு கோடாவது போட்டுவிட்டால் பணியாளர்களுக்கும் நிம்மதி.

சிறு கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. காந்தி மார்க்கெட்டில் கீரை விற்பவரும், உறையூரில் தேநீர்க் கடை வைத்திருப்பவரும் கார்டு மெஷின் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். யுபிஐ வழியாகவும் ரூபே டெபிட் அட்டை வழியாகவும் பெறும் பணத்துக்கு வணிகர் கட்டணம், அதாவது கடைக்காரர் வங்கிக்குத் தரும் கட்டணம், இல்லை என்பது 2020 ஜனவரி 1 முதல் நடைமுறை. ஓர் அட்டையில் அச்சடித்த க்யூஆர் குறியீடு அவர்களுக்குச் செலவில்லாதது. மெஷினுக்கோ வாடகை உண்டு, மற்ற அட்டைகளுக்குக் கட்டணமும் உண்டு. யுபிஐ பணத்தையே கைப்பேசியைத் தொட்டு அனுப்பும் வசதிகளும் அறிமுகமாகியிருக்கின்றன. யுபிஐ லைட் எக்ஸ் 2023 செப்டம்பரில் வந்தது. திருச்சிக் கடைகளில் அதைப் பயன்படுத்துபவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆகவே என் வேண்டுகோள் ஏற்கெனவே மெஷின் வைத்திருக்கும் கடைகளுக்கு மட்டுமே. இந்த இடத்தில், கார்டு என்றாலே "ரெண்டு பர்சென்ட் கூட ஆகும்" என்று சொல்லும் கடைக்காரர்களுக்கும் ஒன்றை நினைவூட்ட வேண்டும். டெபிட் அட்டைக்கான வணிகர் கட்டணத்துக்கு 0.9 விழுக்காடு என்று 2018 ஜனவரியிலிருந்தே உச்சவரம்பு உள்ளது. அதை வாடிக்கையாளரிடம் வசூலிக்காதபடி வங்கிகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது.

ஸ்கேன் செய்யும் வசதியே எங்கும் இருக்கும்போது இந்தத் தொடு முறை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இளைஞர்களுக்கு ஒருவேளை தேவையில்லாமல் இருக்கலாம். என் வயதினர் பலருக்குக் கை லேசாக நடுங்கும். கண்ணாடி இல்லாமல் தொகையை அடிக்க முடியாது. ஒளி பட்டுப் பளபளக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் குறியீட்டைக் கேமரா பிடிப்பதற்குள் ஒரு யுகம் ஆகிவிடும். பார்வையற்றவருக்கோ குறியீடு எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அவர்களுக்குத் தொடு முறை மிக எளிது, மெஷின் கைக்கு எட்டினால். இங்கே புதிய மெஷின்கள் பற்றியும் ஒரு கவலை உண்டு. பழைய மெஷின்களில் பொத்தான்கள் மேடாக இருக்கும். 5 என்ற பொத்தானில் தடவி அறிய ஒரு புள்ளி இருக்கும். இப்போது வரும் ஆண்ட்ராய்டு வகை மெஷின்கள் பலவற்றில் முகம் முழுவதும் வழவழப்பான கண்ணாடி. 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் பார்வையற்றவர் தன் ரகசிய எண்ணை அதில் எப்படி அழுத்துவார் என்பதை வங்கிகள் யோசித்துத்தான் இவற்றைத் தேர்ந்தெடுத்தனவா என்று அறிய விரும்புகிறேன். அவரும் கடைசியில் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

தொடு வசதி வேலை செய்யாதபோதெல்லாம் மெஷின்மீது பழி போடுவதும் சரியன்று. புதிதாக வழங்கப்படும் அட்டைகளில் தொடு வசதியை வங்கிகள் தாமாகத் திறந்துவைக்கக் கூடாது என்றும், வாடிக்கையாளர் விரும்பினால் மட்டுமே அதைத் திறக்க வேண்டும் என்றும் 2020 மார்ச் 16 முதல் விதி உள்ளது. நல்ல விதிதான். ஆனால் அட்டையின் மேல் வளைகோட்டுக் குறி அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வசதி திறந்திருப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கடையில் மறுக்கப்படும்போது, "மிஷின் சரியில்லை" என்று வாடிக்கையாளரும், "உங்க கார்டு சரியில்லை" என்று கடைக்காரரும் சொல்லிக்கொள்கிறார்கள். வங்கிச் செயலியில் அட்டைக்குரிய பகுதிக்குப் போனால் அதைத் திறக்கவும் மூடவும் ஒரு பொத்தான் இருக்கும். நமக்கு வேண்டிய உச்சவரம்பையும் அங்கேயே குறைத்து வைத்துக்கொள்ளலாம். மெஷின் நம் பக்கம் பார்த்திருந்தால் அதன் திரையில் தோன்றும் காரணத்தை நாமே படித்து, சிக்கல் எங்கே என்று ஓரளவு புரிந்துகொள்ளவும் முடியும்.

வங்கிகளிடம் நான் கேட்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் அன்று. மெஷினைக் கொடுக்கும்போதே, இரு பக்கமும் திரும்பக்கூடிய ஒரு தாங்கியும், கல்லாவின் முன்விளிம்பு வரை எட்டும் நீளமான வயரும் சேர்த்துக் கொடுக்கலாம். எந்த இடத்தைத் தொட வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி, தொடு குறியின் அருகிலேயே ஒட்டலாம். கண்ணாடித் தடுப்பு வைத்திருக்கும் கடைகளில் மெஷினைத் தடுப்புக்கு வெளியே வைக்கச் சொல்லி வற்புறுத்தலாம். மெஷின் திருடு போய்விடும் என்று ஒரு கடைக்காரர் என்னிடம் அஞ்சினார். சங்கிலியோ பூட்டும் தாங்கியோ அந்த அச்சத்தைப் போக்கும். கடைகளில் பில் போடும் பணியாளர்கள் அடிக்கடி மாறுவதால், ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தது அடுத்தவருக்குப் போய்ச் சேர்வதில்லை. அதனால்தான் பயிற்சியைவிட மெஷின் நிற்கும் இடத்தை மாற்றுவது மேல் என்கிறேன். ரகசிய எண்ணை வாய்விட்டுக் கேட்கக் கூடாது என்பதை மட்டும், மெஷின் தொடர்பாக வணிகருடன் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் சேர்த்து, கடை உரிமையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

மெஷின் பழுதானால் சரிபார்க்க வங்கியின் சார்பில் ஒருவர் கடைக்கு வருகிறார். அவர் அடுத்த முறை வரும்போது மெஷினைக் கழற்றி, வாடிக்கையாளர் பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டுப் போகும்படி வங்கிகள் உத்தரவிட்டாலே போதுமானது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.